ஓமனாவின் கைபேசி அழுகிய காலம்

ஓமனாவின் கைபேசி 2022 ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வாரத்தில் அழுகத் தொடங்கியது. அந்த வாரம் பொழியூர் கரையில் சாளை மீன் கிலோ நூற்று அறுபது, அயிலை இருநூற்று நாற்பது. நல்ல மழையும் இருந்தது. முதல் நாள் நனைந்த சாக்கின் வாடைதான் லேசாக வந்தது. மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் அந்த வாடை இல்லை என்று ஓமனா அதைப் பொருட்படுத்தவில்லை. பத்து நாள் கழிந்தபோது குளத்தில் ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டு மட்டையின் நாற்றம் வந்தது. ஓணம் வருவதற்குள் பரணில் எலி செத்த நாற்றமாகிவிட்டது. சார்ஜர் செருகும் ஓட்டை வழியாக மஞ்சளாக ஒரு நீர் கசிந்தது. ஆனால் திரை பளபளவென்று இருந்தது, கூப்பிட்டால் மணி அடித்தது, பேசினால் கேட்டது. அது வேலை செய்துகொண்டே அழுகியது.

வேறு யாருடைய கைபேசி அழுகியிருந்தாலும் இவ்வளவு கேடு வந்திருக்காது. ஓமனா மீன் விற்கிறவள். பாறசாலைக்குத் தெற்கே, கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய குடியிருப்பில் வீடு. விடியும்போது ஸ்கூட்டரில் பொழியூருக்குப் போய் கரையில் வந்து சேரும் வள்ளங்களிலிருந்து மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருநூறு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பெட்டியை நாளுக்கு மூன்று தடவை கழுவுவாள். கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஒரு வாசலில் நிற்பாள். நாற்றமில்லாத மீன் வேண்டுமானால் ஓமனாவைக் கூப்பிடு என்பது அந்தப் பக்கத்தில் பதினான்கு வருடப் பேச்சு. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டு, எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கு அரைக் கிலோ நெத்தோலி கொடுத்துவிடுங்கள் என்பார்கள். அந்தப் பெயரைத் தவிர அவளிடம் வேறு சொத்து இல்லை. அந்தப் பெயரோ பத்து இலக்க எண்ணாக அந்தக் கைபேசிக்குள் இருந்தது.

அழுகியதற்குக் காரணம் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. முதல் வாடை வந்ததற்கு முந்தின நாள் திரையில் ஒரு செய்தி வந்திருந்தது. உங்கள் கைபேசிக்குப் புதிய மென்பொருள் தயாராக உள்ளது, உங்கள் சேவை நிறுவனம் அனுமதித்ததும் வந்து சேரும், பொறுமைக்கு நன்றி. கைபேசியை விற்றதும் சிம் கொடுத்ததும் ஒரே சேவை நிறுவனம். அதன் பெயரை எழுத எனக்கு மனமில்லை, எழுதினால் இந்தக் காகிதமும் நாறும். மூன்று வருடத்துக்கு அந்தக் கைபேசியில் அவர்களுடைய சிம் மட்டும்தான் ஓடும், அந்த சிம்மும் அந்தக் கைபேசியில் மட்டும்தான் ஓடும், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது என்பது ஒப்பந்தம். இதே கைபேசியைத் திருவனந்தபுரத்தில் வாங்கியவர்களுக்கு மென்பொருள் வந்துவிட்டது, நாறவில்லை. நாகர்கோவிலில் வாங்கியவர்களுக்கும் வந்துவிட்டது, நாறவில்லை. எல்லையை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குள் வசித்த நாற்பத்தொரு பேருக்கு மட்டும் வரவில்லை. நாற்பத்தொன்றும் நாறின. அவர்களில் ஒருவரான கண்டக்டர் கிருஷ்ணன்குட்டி பேருந்தில் ஏறினால் பயணிகள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்கள்.

கைபேசியைச் செய்த கம்பெனியைக் கேட்டால், நாங்கள் எப்போதோ கொடுத்துவிட்டோம், சேவை நிறுவனம்தான் சோதித்துக்கொண்டிருக்கிறது என்றது. சேவை நிறுவனத்தின் கேரளப் பிரிவைக் கேட்டால், உங்கள் கைபேசி பாதி நேரம் தமிழ்நாட்டு டவரில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றது. தமிழ்நாட்டுப் பிரிவைக் கேட்டால், உங்கள் எண் கேரள எண் ஆயிற்றே என்றது. இரண்டும் உண்மைதான். ஓமனாவின் வீட்டில் படுக்கையறையில் கேரள டவர் கிடைக்கும், அடுக்களையில் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் எல்லா வீடும் அப்படித்தான். சோறு பொங்குவது ஒரு மாநிலத்திலும் உறங்குவது இன்னொன்றிலுமாக இருப்பதை யாரும் இதுவரை ஒரு குறையாக நினைத்ததில்லை. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டால் இருபது நிமிடம் வீணை இசை வரும். நடுநடுவே ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்னும். அந்த இருபது நிமிடமும் மஞ்சள் நீர் ஓமனாவின் காதிலிருந்து கன்னம் வழியாகக் கழுத்துக்கு இறங்கும். அவள் துடைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. கைபேசியை ஏழு பிளாஸ்டிக் உறைகளில் சுற்றினாள், காப்பிப்பொடி டப்பாவுக்குள் வைத்தாள், கற்பூரம் போட்டாள். காப்பிப்பொடி நாறியது, கற்பூரமும் நாறியது. கேரள டவர் மட்டும் கிடைக்கிற இடத்தில் மூன்று நாள் வைத்தால் மென்பொருள் வரும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, காட்டாக்கடையில் அவள் கணவன் யோவானின் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் சேவை நிறுவனத்திலிருந்து, உங்கள் பகுதி அடுத்த கட்டத்துக்கு மாற்றப்பட்டுள்ளது என்று செய்தி வந்தது. எந்தக் கட்டம், எத்தனை கட்டம் என்று கேட்க அதில் இடமில்லை. யோவான் ரப்பர் வெட்டுகிற தொழிலாளி. ரப்பர் பாலின் நாற்றத்தில் முப்பது வருடம் இருந்தவர்தான். அவரே அடுத்த கிறிஸ்துமஸ் முடிந்ததும் முட்டு வலிக்கிறது என்று சொல்லித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். காட்டாக்கடையில் முட்டுக்கு என்ன வைத்தியம் இருக்கிறது என்று ஓமனா கேட்கவில்லை.

வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. காலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தினார்கள். பணம் அனுப்பும் செயலி, இந்தக் கைபேசி பாதுகாப்பானது அல்ல என்று சொல்லி நின்றுகொண்டது. துபாய்ப் பிள்ளைகளிடம் அவர்களுடைய அம்மாக்கள் என்ன சொன்னார்களோ, கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைசிவரை நின்றது சத்யபாமா டீச்சர் வீடு. பாறசாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், ஓமனா விற்கத் தொடங்கிய முதல் நாளில் முதல் மீனை வாங்கியவர். இரண்டு வருடம் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு வாங்கினார். 2024 மழைக்காலத்தில் ஒருநாள் சட்டியை எடுக்காமல் வெறுங்கையோடு கேட் வரை வந்தார்.

“நாளையிலேந்து வேண்டாம் ஓமனே.”

“டீச்சரே, செவுளைப் பாருங்க, ரெத்தம்போல இருக்கு. எனக்க மீனு நாறாது. இந்தப் போனாக்கும் நாறுது.”

“அது எனக்குத் தெரியும். சட்டியில கிடக்கும்ப மூக்குக்குத் தெரியல்லியே. நேத்து வச்ச கறிய அப்படியே வாழை மூட்டுல கொட்டினேன்.”

ஓமனா ஒரு சாளையை எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் நாறியது. பதினாறு வருடத்தில் முதன்முறையாகத் தன்னுடைய மீனை அவளே நம்பாமல் போனது அன்றைக்குத்தான். கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு பெட்டியைக் கழுவப் போனாள்.

நெய்யாற்றின்கரையில் அந்த நிறுவனத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஷோரூம் உண்டு. மேலாளர் அகில், இருபத்தேழு வயது, இஸ்திரி போட்ட நீலச் சட்டை. ஓமனா அங்கே ஒன்பது தடவை போனாள். முதல் தடவை அவன் கைபேசியை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, வாடை ஒன்றும் இல்லையே மேடம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அங்கே சம்பளம் வாங்குகிற ஆறு பேருக்கும், ஃபோனில் பேசுகிற பெண்களுக்கும், கொச்சியில் இருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கும் அந்த நாற்றம் தெரியவில்லை. வேலையில் சேர்ந்த மாதத்தோடு தெரியாமல் போய்விடும் என்று பிற்பாடு தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். ஒன்பதாவது தடவை ஓமனா கைபேசியின் பின்மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே பேட்டரியைச் சுற்றி வெள்ளைப் புழு நெளிந்தது. அகில் குனிந்து பார்த்தான், ஒரு படம் எடுத்துக்கொண்டான், இது பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது என்றான்.

2025 மார்ச்சில், மீன் வாங்க ஒரு வீடுகூட மிஞ்சாத ஒரு திங்கட்கிழமை, ஓமனா பத்தாவது தடவையாகப் போனாள். ஏழு உறைகளையும் அவிழ்த்துக் கைபேசியை மேசையின் நடுவில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. சாயங்காலம் கடை சாத்தும்போது எழுந்து, மறுநாள் திறக்கும்போது மறுபடி வந்து வைத்தாள். கேள்விப்பட்டு கிருஷ்ணன்குட்டி வந்து தன்னுடையதையும் பக்கத்தில் வைத்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் மேசைமேல் நாற்பத்தொரு கைபேசிகளும் இருந்தன, அவற்றுக்குரியவர்கள் சுற்றி நின்றார்கள். தெருவில் காக்கை இறங்கியது. எதிரில் இருந்த பேக்கரியைச் சாத்திவிட்டுப் போனார்கள். புது சிம் வாங்க வந்தவர்கள் கண்ணாடிக் கதவைத் திறந்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினார்கள். உள்ளே அகிலும் மற்ற ஐந்து பேரும் அந்த மேசையின் ஓரத்திலேயே பொட்டலத்தைப் பிரித்து முட்டை பப்ஸ் தின்றார்கள். பப்ஸ் வைத்த காகிதத்தின் அடியில் மஞ்சள் நீர் வந்து நின்றது. ஒருத்தன் விரலில் பட்டதைச் சட்னி என்று நினைத்து நக்கினான். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை மூன்றரை மணிவரை கடைக்குள் எதையும் வாங்க ஓர் ஆள் வரவில்லை. நாற்றம் தெரியாவிட்டாலும் ஆள் வராதது அகிலுக்குத் தெரிந்தது. அவன் கொச்சிக்கு யாரையோ கூப்பிட்டு மலையாளத்தில் இரண்டு நிமிடம் பேசினான். சிரித்துக்கொண்டுதான் பேசினான். ஃபோனை வைத்த உடனே மேசைமேல் நாற்பத்தொரு திரைகளும் ஒன்றாக வெளிச்சமாயின. ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. பதினொரு நிமிடம். கோடு முடிந்த இடத்தில் நாற்றமும் முடிந்தது. புழு இல்லை, நீர் இல்லை, காக்கைகள் எழுந்து போயின. திரையில், சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று ஒரே ஒரு வரி இருந்தது.

ஓமனா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அகிலைப் பார்த்தாள்.

“இவ்வளவேதான் உண்டா மக்கா?”

“அவ்வளவேதான் மேடம். நம்ம சைடுல ஒரு அப்ரூவல் பெண்டிங் கிடந்தது. வேற ஒண்ணும் இல்ல.”

“ரெண்டு வருசமும் ஏழு மாசமும்?”

“யாரும் ஞாபகப்படுத்தல்ல போல, மேடம்.”

இரண்டு வருடம் ஏழு மாதம் அந்த நாற்றத்தைக் காதிலும் கழுத்திலும் சுமந்தபோது ஓமனா ஒரு தடவைகூட வாந்தி எடுத்தவள் அல்ல. இப்போது எடுத்தாள். குனிந்து, இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, காலையில் தின்ற கப்பைக் கிழங்கும் குடித்த சாயாவும் முழுக்க வெளியே வரும்வரை அந்த வெள்ளைத் தரையில் எடுத்தாள். ஆறு பேரும் எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அய்யே, என்ன நாற்றம் என்றாள் ஒருத்தி. இது அவர்களுக்குத் தெரிந்தது. அகில் ஒரு வாளியையும் துடைப்பத்தையும் காட்டி ஏதோ சொன்னான். பிறந்ததிலிருந்து தான் அழுக்காக்கியதைத் தானே கழுவிவிட்டுத்தான் நகர்வாள் ஓமனா. அன்றைக்குக் கழுவவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தாள், கைபேசியை எடுத்தாள், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்ற நாற்பது பேரும் வழிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாளை கிலோ இருநூறு. ஓமனா முதலில் சத்யபாமா டீச்சர் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். டீச்சர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு சட்டியோடு இறங்கி வந்து, இருநூறா, கொள்ளையாக இருக்கிறதே என்று சண்டை போட்டார். ஓமனாவுக்கு அந்தச் சண்டை போதுமாயிருந்தது. இருநூறு வீட்டில் தொண்ணூறு திரும்பின. மற்ற வீடுகளில் இன்றைக்கும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நாற்றம் போய்விட்டது என்று அவர்களுக்கும் தெரியும், கைதான் பழகிவிட்டது. யோவானுக்கு முட்டுவலி வெள்ளிக்கிழமையே சுகமாகிவிட்டது. வாசலில் அவரைப் பார்த்த ஓமனா, சோறு இருக்கிறது, போட்டுத் தின்னும் என்று மட்டும் சொன்னாள்.

ஷோரூமில் ஓமனா வாந்தி எடுத்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள், ஆசிட் ஊற்றினார்கள், மூன்று தடவை டைல்ஸைப் பெயர்த்து மாற்றினார்கள். நாற்றம் போகவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு அங்கே எந்த நாற்றமும் தெரிவதில்லை, நானும் போய் நின்று பார்த்தேன், புது டைல்ஸின் சுண்ணாம்பு வாடைதான் இருந்தது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது காலை ஒன்பதரை முதல் மாலை ஏழு வரை நாறுகிறது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். அங்கிருந்து வந்த ஆட்களுக்கும் நாறியது, அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். இப்போது புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அடையாள அட்டையோடு ஒரு முகக்கவசமும் கொடுக்கிறார்கள்.