பதின்மூன்று வீடுகளுக்கும் சொல்லியாச்சு

சாம்பவிக்கு ஜெபர்சன் என்ற பெயர் தெரியும், பிராங்க்ளின் என்ற பெயரும் தெரியும். யார் எதைச் செய்தார் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரியான வெள்ளைத் தலைமயிர் ஐயாமாராகிவிடுவார்கள். ஒஹாயோவில் குடியுரிமைப் பரீட்சையில் ஏற்கெனவே ஒருமுறை வரலாற்றில் தவறியிருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை இரண்டாவது வாய்ப்பு. அதுவும் போனால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அகதியாகப் போனவள் அவள். அமெரிக்கப் பாஸ்போட் கையில் இருந்தால்தான் பயமில்லாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கலாம் என்று இருபது வருசமாக இருக்கிறாள். அக்காவின் கணவர், அத்தான் நாகேந்திரத்தின் செத்தவீட்டையும் போன் திரையில்தான் பார்த்தாள்.

வெள்ளவத்தையில் அவளுடைய அக்கா நேசமலர் பின்னேரங்களில் வீடியோவில் அவளைக் கேள்வி கேட்டாள். பக்கத்து வீட்டு லுத்பியா பிளேன்டீக் கோப்பையோடு வந்து அருகில் இருந்துகொள்வாள்.

"முதல் தபால் மா அதிபர் ஆர்?"

"வாஷிங்டன்."

"அவர் முதல் ஜனாதிபதியடி. தபாலையும் அவரே கொண்டுபோய்க் குடுத்தவரோ?"

"எல்லா வேலயும் அவரே செஞ்சா மத்த மனிசன்மார் என்னத்த செய்ற?" என்றாள் லுத்பியா.

"எனக்கு இது ஏறாதக்கா," என்று சாம்பவி கண்ணைத் துடைத்தாள். "விடுங்கோ. நான் வரமாட்டன் போல."

நேசமலர் கேள்வித்தாளை மடித்து வைத்தாள். இவளுக்கா ஞாபகம் இல்லை? தங்கள் லேனில் எந்த வீட்டுக்காரர் யாரோடு கோபம், எந்த மருமகன் சீதனத்துக்கு முகத்தைத் தூக்கியவன் என்று இன்றைக்கும் மூச்சுவிடாமல் சொல்வாளே.

"சரி, படிப்பை விடு. ஊர்க்கதை கதைப்பம். எங்கட கலியாணத்துக்கு நீ வீடுவீடாச் சொல்லப் போனனீயெல்லோ, காலி வீதி முனையில முதல் வீடு எது?"

"தையல்கார ஐயா வீடு."

"அதுதான் நியூ ஹாம்ப்ஷயர். கடைசி வீடு?"

"ரெயில் பாதையடி வீடு. கடல் காத்துக்குக் கதவு அடிச்சுக்கொண்டே இருக்கும்."

"அது ஜோர்ஜியா."

அப்படித்தான் அமெரிக்காவின் முதல் பதின்மூன்று மாநிலங்களும் வடக்கிலிருந்து தெற்காக வெள்ளவத்தை லேனில் குடியேறின. ஒரு மதிலைப் பங்குபோட்டுக்கொண்டு பேசாமல் இருந்த அண்ணன் தம்பி வீடுகள் இரண்டு கரோலினாக்கள். பெரிய டொக்டர் வீடு வேர்ஜினியா. வாஷிங்டனும் ஜெபர்சனும் அந்த வீட்டுப் பொடியன்கள். ஜெபர்சன் எழுத்துக்காரன், சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவன். இன்னொரு வீட்டு ஹமில்டனோடு அவனுக்குச் சரிவராது. பென்சில்வேனியா வீட்டு பிராங்க்ளின் கண்ணாடி போட்ட கிழவர். தபாலும் பார்ப்பார், பட்டமும் விடுவார். சாம்பவி சிரித்தாள், சண்டைக்காரர்களைப் பற்றி மேலும் மேலும் கேட்டாள். கேட்டவை ஒன்றும் மறக்கவில்லை.

"எங்கட ஊடு எது?" என்று லுத்பியா கேட்டாள்.

அந்தக் கலியாணத்துக்குச் சொல்லாமல் விடுபட்ட ஒரே வீடு லுத்பியாவுடையது. பாவாடை தாவணியும் கையில் சந்தனத் தட்டுமாகப் போன சாம்பவி, அடுத்த வீட்டில் பற்றிஸ் பொரிக்கும் மணத்துக்கு அந்த ஒடுங்கிய கேற்றைத் தாண்டி ஓடிவிட்டாள். லுத்பியா ஒரு வருசம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் நாகேந்திரம்தான் வேட்டி சால்வையோடு, கையில் ஒரு கார்டும் கொண்டுபோய், முடிந்துபோன கலியாணத்துக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி முறையாக அழைத்தார். லுத்பியாவின் கணவர் ஹாஷிம் சிரித்த சிரிப்பில் கோபம் போய்விட்டது.

"நீங்கள் டெலவேர்," என்றாள் நேசமலர். "சின்ன இடம்தான். ஆனா அரசியலமைப்புக்கு முதன்முதல் சம்மதம் சொன்னது அதுதான்."

"பாத்தீங்களா," என்றாள் லுத்பியா. "எங்களுக்குச் சொல்லிருந்தா நாங்கதான் மொதல்ல வந்திருப்போம்."

செவ்வாய்க்கிழமை இரவு நேசமலர் இடியப்பத்தில் கைவைத்தபோது போன் அடித்தது. லுத்பியா அங்கேதான் இருந்தாள். தன் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். திரையில் சாம்பவி கார் ஒன்றுக்குள் இருந்து மூச்சு வாங்கினாள்.

"என்னடி? சொல்லு."

"ஒபிசர் பதின்மூண்டில மூண்டைச் சொல்லச் சொன்னவர். நான் தொடங்கினன். மூண்டோட போதுமெண்டு கையைக் காட்டினார். நான் நிப்பாட்டேல்லை."

"ஏன்?"

"ஒரு வீட்டை விட்டா எவ்வளவு காலத்துக்கு இழுக்குமெண்டு எனக்குத் தெரியாதே? மன்னிக்கோணும் சேர், ஒருத்தரையும் விடேலாது எண்டு சொல்லிப்போட்டுச் சொன்னன். அவர் பேனையை வச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜோர்ஜியா வரைக்கும் போய்த்தான் நிண்டனான். பாஸ் அக்கா. சத்தியப்பிரமாணம் அடுத்த மாசமாம். பாஸ்போட் வந்த உடன டிக்கெட் போடுறன்."

நேசமலர் இடியப்பக் கையாலேயே போனைப் பிடித்துக்கொண்டாள். திரையெல்லாம் தேங்காய்ப்பால் சொதி.

"எந்த வீட்டில தொடங்கினனீ? நியூ ஹாம்ப்ஷயரோ?"

"இல்லை. டெலவேர்."

லுத்பியா போனைப் பறித்தாள். "மொதல்ல எங்கட ஊடா, புள்ள?"

"ஓம் லுத்பியா அக்கா. முதல் உங்களுக்குத்தான் சொன்னனான்."

லுத்பியா முந்தானையால் போனில் இருந்த சொதியைத் துடைத்தாள்.

"அதெல்லாம் சரிவராது. வரக்குள்ள சந்தனத் தட்டோட, கார்டோட வா. இல்லாட்டி நான் கேற்றத் தொறக்க மாட்டேன்."

"அந்தக் கார்டுக்கு இப்ப எங்க போறது?" என்று சாம்பவி சிரித்தாள்.

நேசமலர் கையைக் கழுவிவிட்டு அலுமாரியைத் திறந்தாள். மிஞ்சிய கலியாணக் கார்டுகளை எறிய நாகேந்திரம் கடைசிவரை விடவில்லை; யாரையாவது மறந்திருப்போம், தேவைப்படும் என்பார். கொட்டாஞ்சேனை அச்சகத்தின் மஞ்சள் கார்டு, ஓரம் மட்டும் நிறம் மங்கியிருந்தது.

"இருக்கு," என்று அவள் திரைக்கு முன்னால் அதைப் பிடித்தாள். "நீ வா."