படத்தின் கீழ்வரிசை

அப்பாவின் உடல் இருந்த சந்தூக்கை முற்றத்தில் தூக்கிப் பிடித்தவர்கள் தோள்வலியோடு நின்றார்கள். சோலோ ஊர் வழக்கப்படி, பிள்ளைகள் அதன் அடியில் மூன்று முறை குனிந்து கடக்க வேண்டும். மூத்தவள் வெனிங் கடந்துவிட்டாள். அடுத்துப் போகவேண்டிய தம்பி சத்ரியோ அசையவில்லை.

“போடா, தூக்கினவங்க பாவம்.”

“எனக்கு அந்த யோக்கியதை இல்லக்கா.”

அவன் மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் அறைக்குள் இழுத்துப்போனாள்.

“ஞாயித்துக்கிழமையெல்லாம் அப்பா என் வீட்டுக்குத்தான்க்கா வந்தாரு. பெர்குதுத் புறா கூவுறதக் கேக்க. கூண்டு மேல துணி போட்டுத்தான் வச்சிருந்தேன்.”

துணி போட்டால் பாட்டு வரும், இறகுத் தூசி வராது என்று சோலோக்காரன்தான் நினைப்பான். புறா வளர்க்காதவனை ஆம்பளையாகவே மதிக்காத ஊர் இது.

வெனிங் இருபது வருடமாக சி.டி. ஸ்கேன் எடுப்பவள். காசநோய் என்று ஓராண்டு மாத்திரை விழுங்கிய அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்துப் படமெடுத்து, இது புறாத் தூசியின் வேலை என்று முதலில் சொன்னவள் அவள்தான். டாக்டரும் அதையே எழுதினார். அன்றே அப்பாவின் புறாக் கூண்டுகளை வீட்டைவிட்டு வெளியேற்றினாள். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த இரண்டாவது படத்தில், வரிசை வரிசையாக இருந்த துண்டுப் படங்களின் கீழ்வரிசையில் புதிதாகப் பனி படர்ந்த மாதிரி வெளுப்பு. அப்பா இன்னும் எங்கோ புறாவிடம் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் கேட்கத்தான் அன்று இங்கே வந்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட்க மனம் வரவில்லை.

“நான்தானேக்கா கொன்னேன்?”

அலமாரி மேலிருந்த உறைகளை எடுத்து, இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது மொதப் படம். தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியுதா? இது ரெண்டாவது. அதே ஓட்டைதான். எல்லாம் பழைய தழும்புடா. நீ கூண்டு வாங்குறதுக்கு முன்னாடியே நுரையீரல் போயிடுச்சு.”

“நல்லாத் தெரியுமா?”

“நீ இஞ்சின் சத்தத்த வச்சே கோளாறு சொல்றல்ல? இது என் தொழில்.”

அவன் ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வெளியே மசூதிப் பெரியவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

வெனிங் ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் மூன்றாவது முறை குனிந்து நிமிர்ந்த பிறகுதான், இரண்டாவது படத்தின் கீழ்வரிசையை மூடியிருந்த உள்ளங்கையை எடுத்தாள்.