டெலியா ஃபீனி கேட்டது

ஜெரமையா கல்ஹேன் என்பது அவருடைய முழுப்பெயர். ஞானஸ்நான ஏட்டிலும் வாக்குச்சீட்டிலும் மட்டுமே அது முழுமையாக எழுதப்பட்டது. மற்றபடி ஏரிக்கரை முதல் இறைச்சிக்கூடங்கள் வரையில் எல்லார்க்கும் அவர் ஜெரிதான். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் நகரின் மேயர். காலை ஆறரைப் பூசைக்குத் தவறமாட்டார். பூசை முடிந்து அலுவலகம் செல்லும் வழியில், கடைசி நான்கு தெருக்களைக் காரிலிருந்து இறங்கி நடந்தே கடப்பார். எரியாத தெருவிளக்கும் நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியும் அவர் கண்ணுக்குத் தப்பா. கோப்புகளை நின்றுகொண்டே படிப்பார். புதினா மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு நின்றுகொண்டே கையெழுத்திடுவார். அவர் அறையிலிருந்த தோல் நாற்காலி வந்தவர்களின் தொப்பிகளுக்குத்தான் பயன்பட்டது.

மாலைதோறும் அவர் துக்கம் கேட்கப் போவார். இரண்டு இடம், சில நாள் மூன்று. சவப்பெட்டியின் முன் முழந்தாளிட்டு ஒரு செபம். வீட்டாரின் கையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பு சுவரோரமாகப் பத்து நிமிடம் நிற்றல். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நகரம் அவரிடம் பேசும். ஒருவர் தம் மருமகனுக்குத் தீயணைப்புத் துறையில் வேலை கேட்பார். ஒருத்தி தன் வீட்டுமுன் உடைந்த நடைபாதையைச் சொல்வாள். அவர் துண்டுத்தாளில் குறித்துக் கோட்டின் இடப்பக்கப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பையில் விழுந்தது எதுவும் நிறைவேறாமற் போனதில்லை. பெட்டியருகில் கேட்டதை மறுக்கலாகாது என்பது எங்கள் கோவில் பங்குகளில் எழுதப்படாத சட்டம். வட்டப் பொறுப்பாளராக வீடு வீடாகப் படியேறிய இருபத்திரண்டு வயதில் அதை அவர் பிடித்துக்கொண்டார். அதைக்கொண்டே கவுன்சிலரானார், அதைக்கொண்டே மேயருமானார்.

அப்படிப்பட்டவர், அந்த மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை பிற்பகல், போகவேண்டிய ஓரிடத்திற்குப் போகாமல் ஒன்றரை மணி நேரம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இறந்தவர் பார்ட் ஃபீனி; புனித கொலம்பா பங்கின் கவுன்சிலர். இளமையில் ஜெரியோடு ஒரே ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சுவரொட்டி ஒட்டியவர். மேயர் பதவிக்குக் கட்சியில் ஆள் தேடியபோது, ஏழு வார்டுகளை ஒரே இரவில் ஜெரியின் பக்கம் திருப்பியவர். உடல் கார்வி மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தது; மறுநாள் காலை அடக்கம். ஆகவே துக்கம் கேட்க அன்றைக்கு விட்டால் வேறு பொழுதில்லை.

தடை யாதெனில், புதிய நெடுஞ்சாலை. அது கொலம்பா பங்கைப் பிளந்துகொண்டு செல்லவிருந்தது. ஆயிரத்து நூறு வீடுகளின் கதவில் சாலைத்துறையார் மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தனர். ஃபீனியின் வீட்டிலும் எழுதியிருந்தனர். பெட்டியருகில் நின்றுகொண்டு ஃபீனியின் மனைவி டெலியா, 'சாலையை வேறு வழியாகக் கொண்டுபோ' என்று கேட்டுவிட்டால்? மறுத்தால் அவர் வாழ்நாள் வழக்கம் உடையும். ஒப்பினாலோ, சாலை போவதற்கு மற்றொரு வழிதான் இருந்தது. அது எம்மெட் தெருவின் வழி. எம்மெட் தெருவில், அவர் தந்தை எரிவாயு ஆலையில் உழைத்துக் கட்டிய செங்கல் வீட்டில், அவர் மனைவி வின்னியோடு இன்றும் வாழ்ந்துவந்தார்.

"கார்வி மண்டபத்துக்குத்தானே தலைவரே?" என்று கேட்டான், காரோட்டும் காவலன் வால்ட்டர் குபியாக்.

"ஏரிப் பக்கம் போ. கரைச் சுவர் எப்படியிருக்குனு பாக்கணும்."

சுவர் நன்றாகத்தான் இருந்தது. இறங்கிப் பார்த்தார், காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாலும் இப்பாலும் நடந்தார், மீண்டும் ஏறினார். பிறகு பனி உருகத் தெருவில் இறைக்கும் உப்பு வைத்திருக்கும் கிடங்குக்குப் போகச் சொன்னார். அங்கே மேலாளர் காலையுணவின் முட்டைக்கறை படிந்த சட்டையோடு ஓடிவந்து, உப்புக் குவியலைக் காட்டினார். மேயர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பு ஊர்வலத்துக்காக மேடை எழுப்பும் இடம். புனித பேட்ரிக் திருநாளுக்கு ஐந்து நாளே இருந்தமையால், தச்சர்கள் அங்கே சத்தமிட்டுக்கொண்டிருந்தனர். ஒரு படியை மிதித்துப் பார்த்து, ஆடுகிறது என்றார். அது ஆடவில்லை.

"தலைவரே, இன்னும் பாக்காதது சாக்கடை ஒண்ணுதான். உள்ள இறங்கிடுவோமா? எம் புது பூட்ஸ் போனாப் போகுது."

"வாய மூடிக்கிட்டு ஓட்டு."

"மூடிக்கிட்டேன். மண்டபத்த ரெண்டு தடவ தாண்டிட்டோம், அத மட்டும் சொல்லிட்டு மூடிக்கிறேன்."

மேயர் ஐந்தாவது மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். கண்ணாடிக்கு வெளியே கொலம்பா பங்கின் தெருக்கள் சென்றன; ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் எண். அவர் மனமோ கடந்த ஜூன் மாதத்தில் நின்றது.

அன்று தலைமைப் பொறியாளர் ஹால்வர்சன் ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்தார். பழைய இரயில் கரையை ஒட்டி ஒரு கோடு. முந்நூற்று நாற்பது வீடுகள் போகும் என்றார். கோடு எம்மெட் தெருவின் மேல் படிந்திருந்தது; அவருடைய புனித ஃபின்டன் பங்கின் பாதி அதனடியில் கிடந்தது. மேயர் நீலப் பென்சிலை எடுத்தார். "இது கொஞ்சம் மேற்கால போனா என்ன?" என்றார். அவ்வளவே. ஹால்வர்சன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் இரண்டாவது வரைபடம் வந்தது. அதில் ஆயிரத்து நூறு வீடுகள். கோவிலுக்குப் புதுக்கூரை போட்டு ஆண்டு இரண்டாகவில்லையே என்றும், தெருவில் முதியவர் மிகுதி என்றும் அவர் தமக்குள் பல காரணங்கள் சொல்லிக்கொண்டார். கொலம்பா பங்கிலும் முதியவர் இருந்தனர். ஃபீனி வந்து கேட்டபோது, "என்ஜினீயருங்க கணக்கு, பார்ட். நான் என்ன பண்ண?" என்று சொல்லியனுப்பினார். ஃபீனி அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"நிறுத்து," என்றார் மேயர். கார் கார்வி மண்டபத்தின் முன் நின்றது. மணி ஐந்து.

வரிசை வாசலைக் கடந்து தெருமுனை வரை நீண்டிருந்தது. மேயர் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பவர்; அன்றும் நின்றார். மேம் என்ற பருத்த பெண்மணி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க மேயரே, வாங்க. எங்க வீட்டு நம்பர் அறுநூத்திப் பதினாலு. மஞ்சக் கலரு. பச்சைக் கதவுக்கு எடுப்பா இருக்குது."

"பேசாம இரு மேம்," என்றான் அவள் கணவன்.

"ஏன், நல்லதத்தானே சொல்றேன்? கவர்மெண்டு இதுவரைக்கும் எங்களுக்குச் சும்மா பெயிண்ட் அடிச்சதே இல்லயே."

முன்னால் நின்ற கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே சொன்னார்: "அவர ஏன் குத்துற? அவரு என்ன பண்ணுவாரு? என்ஜினீயருங்க போட்ட கோடு அது. பார்ட் சொன்னான்ல."

"பார்ட் சொன்னாரு, பார்ட் சொன்னாரு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருச்சு."

மேயர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். மீண்டும் மாற்றினார். வரிசை நகர்ந்தது.

உள்ளே பூக்களின் வாசனை கனத்திருந்தது. ஃபீனி செபமாலை சுற்றிய கைகளோடு, எவரோ சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொள்ளாதவர் போன்ற முகத்தோடு கிடந்தார். மேயர் முழந்தாளிட்டார். செபம் பாதியில் அறுந்தது, முதலிலிருந்து தொடங்கினார், மீண்டும் அறுந்தது. எழுந்து டெலியாவின் கையைப் பற்றினார். சிறிய உருவம், கறுப்பு உடையின் கழுத்தில் ஊசியால் குத்திய ஒரு வெள்ளைச் சிலுவை.

"மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு டெலியா."

"வந்துட்டியே ஜெரி. மூணு மணிலேருந்து வாசலப் பாத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு தடவ உங் காரு போச்சு. வேற எங்கயோ பெரிய சாவு போலன்னு நெனச்சேன்."

அறையிலிருந்தோர் தாங்கள் கேட்கவில்லை என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டனர்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் கை தானாகவே பையினுள் சென்று துண்டுத்தாளையும் பென்சிலையும் எடுத்தது. இதோ வந்துவிட்டது என்று எண்ணினார். மறுப்பதற்கான சொற்கள் மூன்றை வழியெல்லாம் தேர்ந்து வைத்திருந்தார்.

"தாள உள்ள வை. எழுதுற அளவுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் டெலியா. "ரோட்ட மாத்துன்னு கேக்கப் போறேன்னு பயந்துக்கிட்டு வந்திருப்ப. கேக்க மாட்டேன். நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன், எனக்கு எந்த வீடா இருந்தா என்ன. ஆனா இந்த மனுசன் எட்டு மாசமா கதவத் தட்டுறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரே பாட்டத்தான் பாடினாரு. 'என்ஜினீயருங்க பண்ணது, ஜெரி அப்படிப் பண்றவனில்ல.' அவரு மூஞ்சிக்கு நேரா சிரிச்சாங்க. பொய்யன்னாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் நர்ஸம்மாகிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. நாளைக்குக் குழியில இறக்கப் போறேன். அதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். கோட்ட நகத்துனது யாரு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. எனினும் அறை முழுதும் கேட்டிருக்கவேண்டும். வாசலருகே மேம் கழுத்தை நீட்டினாள், கிழவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

நாற்பதாண்டுக் காலத்தில் பெட்டியருகில் அவரிடம் வேலை கேட்டவருண்டு, விளக்குக் கேட்டவருண்டு, சிறையிலிருக்கும் மகனுக்காகக் கெஞ்சியவருண்டு. விடை கேட்டவர் ஒருவருமில்லை. கொடுக்க இயலாது என்று சொல்வதற்கும் இடமில்லை. அந்த விடை அவர் வாயிலேயே இருந்தது.

"என்ஜினீயருங்க இல்ல, டெலியா," என்றார். "நான்தான். எங்க தெரு மேல வந்துச்சு. பென்சில எடுத்துத் தள்ளி விட்டேன்."

டெலியா கணவனின் பக்கம் திரும்பினாள். செபமாலை சற்றே சரிந்திருந்தது, அதைச் சரிசெய்தாள்.

"அவரு கடைசி வரைக்கும் நம்பினாரு," என்றாள். "அந்த மட்டுக்கும் நல்லது."

பின்பு ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. டீ கொண்டாரச் சொல்றேன். இவ்வளவு நேரமா சுத்தியிருக்க."

மேயர் உட்கார்ந்தார். அங்கிருந்தவர்களில் பலர் அதை முதன்முறையாகக் கண்டனர். தேநீர் வந்தது; ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்தார். அந்த நேரம் முழுவதும் எவரும் அவரிடம் வந்து எதையும் கேட்கவில்லை. இடப்பக்கப் பை வெறுமையாகவே இருந்தது. அவர் எழுந்து வாசலைக் கடந்தபோது, மேம் வழிவிட்டாள். பகடி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் என்று அவருக்குத் தோன்றிற்று.

வெளியில் இன்னும் வெளிச்சமிருந்தது. அவர் காரில் ஏறாமல் நடந்தார். வால்ட்டர் காரை அவரோடு மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். அறுநூற்று எட்டு, அறுநூற்றுப் பத்து, அறுநூற்றுப் பதினான்கு. பச்சைக் கதவின்முன் நின்றார். வண்ணம் வழிந்து நான்கின் கால் நீண்டிருந்தது. அங்கிருந்து திரும்பி வந்து காரின் கதவைத் திறந்தார்.

"ஹால்வர்சனுக்குப் போன் போட்டுச் சொல்லணும். நாளைக்கு எட்டு மணிக்கு, அடக்கத்துக்குப் போறதுக்கு முன்னால, ஆபீசுக்கு வரட்டும். மொதப் படத்தக் கொண்டாரட்டும்."

வால்ட்டர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "மொதப் படம்னா, எம்மெட் தெரு?"

"ஆமா."

"தலைவரே, அங்க உள்ளவங்க ஓட்டுலதான் நீங்க மொதமொத ஜெயிச்சீங்க. கல்லெடுத்து அடிப்பாங்க."

"அடிப்பாங்க."

"வீட்ல அம்மாவுக்கு?"

மேயர் உள்ளே அமர்ந்து கதவைச் சாத்தினார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"வின்னிகிட்ட நானே சொல்றேன். இப்பவே சொல்றேன். ரோடு எங்க வீட்டு வழியாப் போகும், வால்ட்டர். வீட்டுக்குப் போ."