மூணு பெத்த ரத்தம்

"ஒண்ணுக்கும் கீழயா? இன்னாடி மார்க்கு இது?"

மருமகள் தமிழ்ச்செல்வியின் ரத்தப் பரிசோதனைத் தாளை விருந்தாளிகள் எதிரிலேயே உயர்த்திப் பிடித்தாள் சாரதாம்பாள். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். 0.9 என்றிருந்தது. தமிழ்ச்செல்வி காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தையில்லை. செங்கல்பட்டு டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "ஊசி போட்டா எத்தன முட்டை கிடைக்கும்னு இது குத்துமதிப்பா சொல்லும். குழந்தை பொறக்குமா பொறக்காதான்னு சொல்லாது. வீட்டுக்காரரையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

இதில் அந்த எண் மட்டும்தான் திருப்போரூர் வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் பால்காரர்கூட, "இன்னும் ஏறலியாம்மா?" என்று விசாரித்தார். மனை விற்கும் பக்தவத்சலம், "மூணுக்குக் கொறையாத பொண்ணா வேற பாத்துடலாம்" என்றார். கணவன் ஜெயக்குமார் மறுக்கவில்லை. டெஸ்டுக்கு வரச் சொன்ன மனைவியிடம், "எனக்கு இன்னா கொறை?" என்று மீசையைத் தடவினான்.

சாரதாம்பாளுக்கு அதுவும் போதவில்லை. "மூணு பெத்த ரத்தம் எப்பிடி கீதுன்னு இவளுக்குக் காட்டறேன்" என்று, அறுபது வயதில் அதே லேபுக்குப் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் ரிசல்ட் வாங்க மூவரும் காரில் போனார்கள். லேப் பெண் தயங்கிப் படித்தாள்.

"0.01க்கும் கீழம்மா. இந்த வயசுல இப்பிடித்தான் வரும்."

"இன்னாது! நான் மூணு பெத்தவ! உன் மெஷினு பேஜாராயிடுச்சி!"

"ஆமா, மெஷினு ரிப்பேருதான்" என்றான் ஜெயக்குமார்.

"அப்ப என் ரத்தத்தப் பாத்தது எந்த மெஷினு?" என்றாள் தமிழ்ச்செல்வி.

இருவரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள். தமிழ்ச்செல்வி கவுன்டருக்குப் போய் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். சற்று நேரத்தில் லேப் பெண், மூடி போட்ட சின்னக் குப்பியோடு வெளியே வந்து குரல் கொடுத்தாள்.

"ஜெயக்குமார் யாருங்க? சாம்பிள் குடுக்கணும்."

தமிழ்ச்செல்வி கணவனைக் கைகாட்டினாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாரதாம்பாள் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடா, வூட்டுக்குப் போலாம்!"

"நீங்க பஸ்ல போங்கத்தே. நாங்க குடுத்துட்டு வர்றோம்."

மேஜைமேல் அவன் வைத்திருந்த கார் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தமிழ்ச்செல்வி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.