நின்றிருந்த வெட்டு

ஆயிரத்து எண்ணூறு வருஷங்களுக்கு மேலாக நின்றிருந்த ஒரு அரிவாள் வெட்டு, திராட்சை அறுவடை முடிந்த வாரத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் ஊரான வெலிகி ப்ரோடில் மறுபடி இறங்கத் தொடங்கியது. அதை இறக்கிவிட்டவள் ஸகோர்கா. பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் அருங்காட்சியகத்தில் உடைந்த பழம்பொருள்களை ஒட்டுவது அவள் வேலை. நிலக்கரிச் சுரங்கத்து இயந்திரம் கிளப்பிய ஒரு துருக்கட்டியைச் சில்லு சில்லாகப் பிரித்து, ரோமானியச் சிப்பாயின் இரும்புத் தலைக்கவசமாகக் கூட்டிச் சேர்க்க அவளுக்குச் சில குளிர்காலங்கள் பிடித்தன. உள்ளே கம்பளி வைத்து அளவு பார்க்க ஒரு தலை வேண்டியிருந்தது. வேறு யார் தலை கொடுப்பார்கள்? சுரங்கத்தில் வேலை பார்க்கும் புருஷன் புதிமிரின் தலையை வைத்துத்தான் பார்த்தாள்.

கவசத்தின் உச்சியில் ஒரு பிளவு இருந்தது. டான்யூபுக்கு அக்கரையில் ரோமர்களோடு சண்டையிட்ட டேசியர்கள் இரண்டு கையாலும் பிடித்து வீசிய வளைந்த அரிவாளின் வேலை அது. மண் அரித்த ஓட்டையை அடைக்கலாம், எதிரி போட்ட ஓட்டையை அடைக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் நெபொய்ஷாவுக்கும் தெரியும். ஆனால் தலைநகரிலிருந்து மந்திரி வருவதாக இருந்தது. "மந்திரிக்கு ஓட்டைச் சட்டியையா காட்டுவே? அடைச்சு விடும்மா. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் அவர். ஸகோர்கா பிசினால் அடைத்து, மேலே துரு நிறம் பூசினாள். வந்து சேர்ந்த இடத்தை மூடிவிட்டால் வெட்டு என்ன செய்யும்? புறப்பட்ட இடத்துக்குப் போய், கவசத்துக்குக் கடைசியாக அளவு கொடுத்த தலையைத் தேடி மறுபடி வரும். பிசின் காய்ந்த மத்தியானம், புதிமிர் வீட்டுக்கு மேலே பறந்த நாரை இரண்டாக விழுந்தது. அடுத்த வாரம் புகைபோக்கியின் தலை போயிற்று.

வெட்டு கண்ணுக்குத் தெரியாது. புகைதான் காட்டிக்கொடுக்கும்: புதிமிர் எங்கே நின்றாலும் அவன் தலைக்கு மேலே புகை இரண்டாகப் பிரிந்து போகும். மிக மெதுவாக இறங்கியது, ஆனால் ஒரு நாளும் நிற்கவில்லை. அவன் குனிந்தால் அதுவும் குனிந்தது. நிலவறையில் போய்ப் படுத்தான். நிலவறைக் கூரையில் கோடு விழுந்தது. சாராயக் கடையில் அவன் மேஜைக்கு யாரும் வருவதில்லை. "நீ அந்த மூலையிலயே இருப்பா, எனக்கு இருக்கிறதே நாலு முடி" என்று ஒருவன் சொன்னான்; சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை. குடும்பப் புனிதரின் நாளுக்கு வந்த பாதிரியார், தூபப் புகை இரண்டாகக் கிழிவதைப் பார்த்துவிட்டு ஆசீர்வதிக்க வேண்டிய ரொட்டியைத் தொடாமலே கிளம்பினார். நாங்களும் பயந்துதான் கிடந்தோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"பயமா இருக்குடி" என்றான் புதிமிர், பீன்ஸ் சூப்பின் முன்னால் உட்கார்ந்து. கரண்டியைக் கீழே வைத்தான். "தூங்கவே பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா?" என்றாள் அவள்.

பிசினைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். வெட்டு திரும்பிப் போகவில்லை. பழைய கவசத்தை அவன் தலையில் மாட்டிவைத்தாலும் வெட்டைத் தாங்காது. அதில் இரும்பே மிச்சமில்லை, விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிரும். அதே மாதிரி ஒன்றைப் புதிதாக அடிக்கலாம். ஆனால் அந்த உச்சிதான் ஏற்கெனவே பிளந்ததாயிற்றே? அந்தச் சிப்பாய் செத்தானா பிழைத்தானா, யாருக்குத் தெரியும்? அப்போதுதான், அதே துருக்கட்டியில் கிடைத்து, வாளிக் கைப்பிடி என்று அவளே ஒதுக்கிவைத்திருந்த வளைந்த இரும்புப் பட்டை நினைவுக்கு வந்தது. எடுத்து உச்சியின் குறுக்கே வைத்தாள். ஆணி ஓட்டைகள் அப்படியே பொருந்தின. பிளவு அந்தப் பட்டை வரைக்கும் ஓடி, பட்டையைப் பாதி கடித்து, அங்கேயே நின்றிருந்தது. அருங்காட்சியகம் அதிர அவள் ஓவென்று அழுதாள். "பொழைச்சிருக்கான்! அந்த ஆளு பொழைச்சிருக்கான், புதிமிர்!"

சுரங்கத்துப் பட்டறையில், உச்சியில் இரண்டு பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, புதுக் கவசம் அடித்தாள். அதற்குள் புதிமிரின் முடி நுனிகள் தானாகக் கத்தரிக்கப்பட்டு விழ ஆரம்பித்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அவனை முக்காலியில் உட்காரவைத்தாள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"ஆடாதேய்யா, வாரைக் கட்டணும்."

"நான் எங்கடி ஆடுறேன்? உடம்பு ஆடுது."

அவள் கையை எடுத்ததும் ணங்கென்று ஒரு சத்தம். தெருவில் இருந்த நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. பட்டை பாதி கடிபட்டிருந்தது. அடியில் புதிமிர் கண்ணை மூடிக்கொண்டு, தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு, முழுசாக உட்கார்ந்திருந்தான்.

ஆனால் வெட்டு போய்விடவில்லை. பட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது. கவசத்தைக் கழற்றி ஒரு பூசணிக்காய்மேல் வைத்துப் பார்த்தார்கள். ஆளில்லாத இரும்பை அது மதிக்கவில்லை, வைத்ததுமே பட்டை கிரீச்சென்றது. புதிமிர் பாய்ந்து தலையைக் கொடுத்தான். அன்றிலிருந்து கவசத்தோடுதான் சாப்பாடு, சுரங்கம், தூக்கம் எல்லாம். சுரங்க அடையாள அட்டைப் படத்திலும் கவசம்தான். தலை நாறி, பேன் விழுந்து, அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதபோது ஸகோர்கா அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கவசத்துக்குள் தன் தலையைக் கொடுக்கப் பார்த்தாள்.

"வேணாம்டி. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் அடைச்ச ஓட்டைதானே? நகரு."

இப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் இது நடக்கிறது. கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்காருகிறார்கள். அவன் தலை வெளியே வருகிறது, அவள் தலை உள்ளே போகிறது. நடுவில் ஒரு கணம் கவசத்துக்குள் யாருமில்லை. அந்தக் கணத்தில் எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை, குழந்தைகள்கூட. பிறகு கிணற்றடியில் புதிமிர் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. "காது பின்னாலயும் தேய்யி!" என்று அவள் கவசத்துக்குள்ளிருந்து கத்துகிறாள். பக்கத்து வீட்டு ஸ்தோயன்கா நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி சுட்ட குடைமிளகாயைத் தோலுரிக்கத் தொடங்குகிறாள்.