இரண்டாவது சாவி

அரைஞாண் கயிற்றை அறுக்கக் கத்தியை வாங்கிக்கொண்டு குனிந்தபோதுதான் பசுபதி அதைப் பார்த்தார். தம்பியின் இடுப்பில், கயிற்றோடு சேர்த்துத் தைத்த சிறிய துணிப்பை. அதற்குள் இரண்டு சாவிகள்.

உடலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இருளப்பன் குவளையை அந்தரத்தில் நிறுத்தினான்.

"சாவியோட ஒரு ஆளக் குளிப்பாட்டுறது இதான் மொத தடவைங்க கிராணி ஐயா."

"ஊத்து. வாயைத் தொறக்காத."

கயிற்றை அறுத்துப் பையை ஈரத்தோடு மடியில் செருகிக்கொண்டார் பசுபதி. வயிற்றில் சில்லென்று ஒட்டிக்கொண்டது.

தனராஜுக்கு நாற்பத்து நான்கு வயது. தானா ராத்தா டவுனில் உள்ள பெரிய ஃபைனான்ஸ் கம்பெனிக் கிளையில் தலைமை காசாளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவி ருக்குமணியோடு எஸ்டேட்டுக்கு வந்து அண்ணன் வீட்டில் சாப்பிடுவான். நேற்றும் வந்தான். இலையிலேயே சாய்ந்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கம்பெனியின் பெட்டக அறைக் கதவு இரண்டு சாவி சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று தலைமை காசாளரிடம், மற்றது உதவிக் காசாளரிடம். ஒருவர் சாவி இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். தனராஜ் இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி லயத்துப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஈப்போ ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தபோது, சாவியை எழுதி ஒப்படைக்க ஆள் வரும்வரை காத்திருந்து, அவன் அங்கே போனபோது கட்டில் காலியாக இருந்தது. அப்போதும் பசுபதி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கொடுத்த பொறுப்பைக் காப்பாற்றினான் என்றே ஊராரிடம் சொன்னார்.

அப்படியானால் இந்த இரண்டாவது சாவி எப்படி வந்தது? இரண்டையும் தன்னிடம் வைத்திருக்கும் காசாளருக்கு ஊரில் ஒரே பெயர்தான் உண்டு. அந்தப் பெயரைப் பசுபதி மனதுக்குள்கூட உச்சரிக்கவில்லை. அப்பா கங்காணியாக இருந்த இருபத்தேழு வருடத்தில் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே விரல் நீட்டியதில்லை.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் பத்து மணிக்கே எடுப்பதாகப் பேச்சு. பசுபதியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். கோணலாக இருப்பதுபோல் தோன்றவே மறுபடி இழுத்துப் போட்டார். பூ வந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் அடுப்படிக்குப் போனார். ருக்குமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸப் பத்தி ஏதாச்சும் சொன்னானாம்மா?"

"ரசம் கேட்டாரு மாமா. எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "லுமுட்டுக்குப் போயிக் கடல் பாக்கலாம்னு எட்டு வருஷமாக் கேட்டேன். சாவிய யாருகிட்ட குடுத்துட்டு வர்றதுன்னுவாரு. அதுலயும் சனி ஞாயிறுன்னா பொரண்டுகூடப் படுக்க மாட்டாரு. இடுப்பத் தடவிக்கிட்டே கெடப்பாரு. என்னைத் தாலி கட்டினாரா, அதக் கட்டினாரான்னு கேப்பேன். சிரிப்பாரு."

ஏழரைக்கு மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உதவிக் காசாளர் டொனால்ட். வீட்டுக்குள் வராமல் தேயிலைச் செடி ஓரமாகவே நின்றான். வாசலில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்தான். அவன் பார்வை முகத்தில் தங்காமல் இடுப்புக்கு இறங்குவதைப் பசுபதி கவனித்தார். சாவியைப் பறிகொடுத்தவன் தேடி வந்துவிட்டான் என்று நினைத்தார். நிமிர்ந்தபடியே அவனிடம் நடந்தார்.

"என்ன தேடுற?"

"மேனேஜர் எட்டரைக்கு வர்றாருண்ணே. சாவிய வாங்கணும். ஒம்போதரைக்குத் தெறக்கணும்லா."

"ஒரு சாவிதானே?"

டொனால்ட் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டும் அவர்கிட்டதாண்ணே இருந்துச்சி."

பசுபதியின் கை மடிக்குப் போனது.

"சனிக்கெழமையானா நான் குடிப்பேன். பிரிஞ்சாங் டவுன் முழுக்கத் தெரியும். ஒருக்கா சாவி சட்டையோட தோய்க்கப் போயிடுச்சி. என் சம்சாரம் பிலோமிதான் சோப்புத் தண்ணியிலேர்ந்து எடுத்தா. அண்ணன்கிட்ட சொல்லி அழுதேன். அடுத்த சனிக்கெழமை கதவு பூட்டினதும் பேசாமக் கைய நீட்டினாரு. நாலு வருஷமாச்சி. 'மாமியாகிட்ட நகையக் குடுத்தவன் மாதிரி முழிக்காதடா, திங்கக்கெழமை வந்துடும்'னுவாரு." அவன் உடலைத் திரும்பிப் பார்த்தான். "இன்னிக்குத் திங்கக்கெழமைண்ணே."

சனி ஞாயிறில் புரண்டு படுக்காத மனிதன். பசுபதியின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது.

"உன் குடிக்கு என் தம்பி இடுப்புதான் கெடச்சிதா? ரெண்டும் மேனேஜர் கைக்குப் போனா அவன என்னன்னு பேசுவாங்க?"

"உண்மையச் சொன்னா என் வேலை போயிடும். நாலு புள்ளைங்க. ஆனாலும் அண்ணன் பேரு கெட விட மாட்டேன். நீங்க சொல்லச் சொன்னா சொல்லிடுறேன்."

"பின்ன எதுக்கு இங்க நிக்கிற?"

"என்னோட சாவியில ஒரு மூலை தேஞ்சிருக்கும்ண்ணே" என்றான் டொனால்ட், தரையைப் பார்த்தபடி.

பசுபதி வாசலுக்குத் திரும்பிவிட்டார்.

மேனேஜர் சாம்பசிவம் கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். காரிலிருந்து இறங்கி மலர்வளையத்தை வைத்தார். கால்மாட்டில் நின்று கும்பிட்டார். கொடுத்த காப்பியை மறுக்காமல் குடித்தார். அதன் பிறகுதான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"இந்த நேரத்தில கேக்கக்கூடாது ஐயா. ஹெட் ஆபீஸ் ரூல். மன்னிக்கணும்."

பசுபதி மடிக்குள் விரலை விட்டுத் தடவினார். தேய்ந்த மூலை கட்டைவிரலில் தட்டுப்பட்டது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்து நீட்டினார். சாம்பசிவம் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"கம்பெனிப் பொருள் வேற ஏதாவது அவர்கிட்ட இருந்ததா? இல்லைன்னா, இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

முப்பது வருடமாக எஸ்டேட் கிராணியாகச் செக்ரோலில் ஆள் வரவு எழுதிய கை. வராத ஆளுக்கு வந்ததாக ஒரு நாள்கூடப் போட்டதில்லை. பெரிய துரையே கேட்டபோதும் போடவில்லை. பசுபதி பேனாவை வாங்கினார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். தாடைக்கட்டுக்குள் அது எதையும் சொல்லவில்லை. கதவோரம் இருளப்பன் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

'வேறு எதுவும் இல்லை' என்று எழுதினார். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"வாய்க்கரிசிக்கு நேரமாச்சிங்க ஐயா" என்றான் இருளப்பன். அவன் பார்வை குடத்தை விட்டு எழவில்லை.

சாம்பசிவம் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். "டொனால்ட், உங்க சாவி இருக்கில்ல? என் காரிலேயே வந்துடுங்க."

டொனால்ட் வாயைத் திறந்தான்.

"அவன் அரிசி போட்டுட்டு வருவான்" என்றார் பசுபதி.

"அவரு சர்ச்சுக்குப் போற வேதக்காரர் இல்லையா?"

"இருவது வருஷம் என் தம்பி கூட நின்னவன். போடட்டும்."

தட்டு வந்தது. பசுபதி முதலில் போட்டார். அவர் கை ஒருமுறை மடிக்குள் போய் வந்தது. பிறகு தட்டைத் தானே கையில் வாங்கிக்கொண்டு, ஒரு பிடி அரிசியை அள்ளி டொனால்டின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக வெளியிலிருந்து மடக்கி மூடினார்.

டொனால்டின் முகம் மாறியது. தலைமாட்டுக்குப் போய் மண்டியிட்டான்.

சாம்பசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ருக்குமணி வாசற்படியில் வந்து நின்றாள். டொனால்டின் இறுக்கி மூடிய கையிலிருந்து அரிசி ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது.