கீழ் கோத்தகிரிக் குழியும் பந்தலூர் வீடும்

பந்தலூரில் மூடிக்கிடந்த தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், கூலிக்காரர்களின் அந்த வரிசை வீடுகளில், பரமசிவன் வீட்டிலிருந்து எது வேண்டுமானாலும் வெளியே வரலாம், வெளியிலிருந்து ஒரு ஈகூட உள்ளே போக முடியாது என்று ஆனது தேயிலை விலை விழுந்த இரண்டாம் வருடம், ஆனி மாதத்தில். விறகு பொறுக்கித் திரும்பிய அவன் மனைவி சின்னம்மை, நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் வாசலில் மல்லாந்து விழுந்தாள். மழை கூரையைத் தொடாமல் விலகிப் போயிற்று. உள்ளே பரமசிவன் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது, அவன் பேசியது கேட்டது. அவனுக்கோ வாசலுக்கு வெளியே வெறும் இருட்டு. அவள் தொண்டை கிழியக் கத்தியதில் ஒரு சொல்லும் அவனிடம் போய்ச் சேரவில்லை.

அவன் எழுந்து வெளியே வந்திருக்கலாம். ஆனால் ஆள் இல்லாத வீடுகளின் தகரத்தைப் பிரித்துப் பூட்டுப் போட எஸ்டேட் ஆட்கள் லயத்து முனையிலேயே பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் வரும்வரை வாசலைத் தாண்டாதே என்று சின்னம்மை சொல்லிவிட்டுத்தான் விறகுக்குப் போயிருந்தாள். மகள் சுமலதா திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். அவர்கள் மூவருக்கும் இந்த ஓர் அறையைத் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது. “கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து கப்பல்ல ஏத்தி உட்டானுங்க, வந்தோம். இந்த லயத்த உட்டு நா எறங்க மாட்டேன்” என்று பரமசிவன் இருட்டைப் பார்த்து தினமும் சொன்னான்.

பிறகு அவன் அடுப்பிலிருந்து குப்பை வரத் தொடங்கியது. முதலில் அழுகிக் கறுத்த பச்சைத் தேயிலை, சளிபோல் வழவழவென்று. அப்புறம் சாயம் கலந்த தூள், கோழிக்குடல், சீழ்ப் பஞ்சு, ஒருநாள் வீங்கிய பன்றி. எல்லாம் அடுப்பில் கிளம்பி அவனைத் தாண்டி வாசல் வழியாக வெளியே வந்து குவிந்தது. அதில் கிடந்த ஒரு பேக்கரிப் பையில் கீழ் கோத்தகிரி என்று அச்சடித்திருந்ததால் சின்னம்மை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள்.

அங்கே சின்னராஜ் என்பவனின் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. விலை விழுந்தபின் வாங்க ஆளில்லாத இலையை அதில்தான் கொட்டினார்கள். எவ்வளவு கொட்டியும் நிரம்பவில்லை, டார்ச் அடித்தால் வெளிச்சமும் திரும்பி வரவில்லை. ஓசி என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்பவர்கள் நம் ஆட்கள். ஊரே தன் வீட்டு நாற்றத்தைச் சுமந்து வந்து அதில் தள்ளியது. கீழே என் புருஷன் இருக்கிறான் என்று சின்னம்மை அழுதாள். சின்னராஜ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். “ஏனுங்கம்மா, கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிருச்சுன்னா அது குப்பையே இல்லீங்களே” என்றான்.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் வந்து பார்த்தார். இது கருந்துளை, போனது திரும்பாது. அதற்கு நேர்மாறாக வெண்துளை என்று ஒன்று உண்டு, அதில் எதுவும் வெளியே வரும், உள்ளே போகாது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கலாம் என்பது கணக்கில் மட்டும்தான், யாரும் கண்டதில்லை என்று விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்து, எச்சில் கப்பைக் குழியில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதன்பின் சின்னம்மை வாராவாரம் சோற்றுப் பொட்டலம் கட்டிப் போய்க் குழியில் போட்டாள். சற்றுப் பொறுங்கள் என்று அவள் கெஞ்சினாலும் கொட்ட வந்தவர்கள் பொட்டலத்தின் தலையிலேயே கோழிக்கழிவு வாளியைக் கவிழ்த்தார்கள். சோற்றில் ஒட்டிய இறகைப் பொறுக்கி எறிந்துவிட்டு அவன் தின்பதை, பந்தலூர் திரும்பி வாசலில் நின்று பார்த்தாள். ஐப்பசியில் கீழ் கோத்தகிரியில் பெய்த மழை அடுப்பில் ஊறியதால் தண்ணீருக்குக் குறையில்லை. தை மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. “நீ செத்துப்போயிட்ட போல புள்ள. இனி யாருக்குக் காவல் கெடக்கேன்? நாளைக்கி எறங்கிர்றேன்” என்றான். லயத்து முனையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. பூட்டை எடுத்துத் துடைத்து வைத்தார்கள்.

சின்னம்மை முதல் பஸ்ஸில் போனாள். குழியருகே குடல் வாளியோடு நின்ற ஒருவன், குதிப்பதாக இருந்தால் சீக்கிரம் குதிக்கும்படி அவளிடம் சொன்னான். குதித்தாள். அடுப்பிலிருந்து அவள் எழுந்தபோது பரமசிவன் ஒரு காலை வாசற்படியில் வைத்திருந்தான். திரும்பிப் பார்த்தான்.

“என்னா புள்ள இந்த நாத்தம்?”

“ஊரு நாத்தம். காலை உள்ள எடு.”

எடுத்தான். அன்று முதல் அவள் வேலைக்கு வாசல் வழியாகப் போகிறாள், வீட்டுக்குக் குழி வழியாக வருகிறாள். பூட்டு துருப்பிடித்தது. தேயிலைக்கு மறுபடி கொஞ்சம் விலை வந்தது, குப்பை மட்டும் குறையவில்லை. சுமலதாவைப் பெண் பார்க்க எமரால்டு என்ற ஊரிலிருந்து வந்தவர்கள், பெண்ணை அவள் வீட்டில் பார்ப்பதுதான் முறை என்று தாம்பாளமும் பட்டுச்சேலையுமாகக் குழி விளிம்பில் வரிசையாக நின்றார்கள். முன்னால் வந்த வண்டி கொட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குதித்தார்கள். மாப்பிள்ளையின் காதில் தொங்கிய கோழிக்குடலைச் சின்னம்மை எடுத்துப் போட்டுவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.